கழற்றி வைத்த ஒயர்

கல்பனா குவைத்துக்குப் போகப்போகிறாள் என்ற சேதி எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் அவள் புருஷன் பாலையாவுக்குத் தெரிந்தது. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்த தபால்காரர், வீடு பூட்டிக்கிடக்கிறதே என்று என் மெஸ்ஸில் வந்து விசாரித்தார். அவள் என் அடுப்படியில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உறையைக் கிழித்துத் தன் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம் பேருக்குன்னு வந்த மொத காயிதம் இதாங்க்கா" என்றாள்.

"புருசனுக்குச் சொன்னியாடி?"

"சொல்லணும். சொன்னா சோறு துன்னாது. அதான் நாள் தள்ளிக்கினே போவுது."

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று எனக்கு எரிச்சல் வந்தது. என் பெயர் ஞானம்மாள். ரேணிகுண்டாவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் மெஸ் நடத்திவந்தேன். ஊர்ச்சண்டை எல்லாம் என் சாம்பார் வாசனைக்குத்தான் கிளம்பும். மறுநாள் எவனோ ரயில்வேக்காரன் ரசம் ஊற்றிக்கொண்டே பாலையாவிடம் வாழ்த்துச் சொன்னான். அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது.

பாலையா பிச்சாட்டூர் ஏரிக்கரைப் பக்கத்துக்காரன். அவன் நைனாவுக்குச் சொந்தமென்று ஒரு சாண் நிலம் இல்லை. பையன் புத்தூரில் லாரி எலக்ட்ரிக் கடையில் சேர்ந்து வேலை பழகினான். டைனமோ, ஸ்டார்ட்டர், ஹெட்லைட் எல்லாம் பார்ப்பான். நல்ல வேலைக்காரன், வாய் கொஞ்சம் நீளம். கல்பனாவைக் கட்டிக்கொண்டு ரேணிகுண்டாவுக்கு வந்தான். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, பத்மினி. பாதி நாள் என் மெஸ்ஸில்தான் அது தவழ்ந்து வளர்ந்தது.

அந்த வருஷங்களில் எங்கள் சித்தூர் ஜில்லாவில் மலையை அறுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினவர்களெல்லாம் திடீரென்று பெரிய மனுஷர்கள் ஆனார்கள். ஒருத்தர் லாட்ஜ் கட்டினார், ஒருத்தர் கல்யாண மண்டபம் கட்டினார். பலமனேர் பக்கத்துக் கல்குவாரி முதலாளி கிருஷ்ணப்பா ஒரு படி மேலே போய் இரண்டு பேர் உட்காருகிற குட்டி விமானம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, விமான மைதானத்து ஓரத்தில் தகர ஷெட் போட்டு நிறுத்தினார். தன் லாரிகளை ரிப்பேர் பார்த்த பாலையாவையே அந்த ஷெட்டுக்கும் ஆளாகப் போட்டார்.

விமானத்துக்கென்று லைசென்ஸ் உள்ள என்ஜினீயர் ஒருவரும் இருந்தார். பாலையாவுக்கு அவர்தான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தவர். மூக்கில் இருக்கிற புரொப்பெல்லரை, எங்கள் பேச்சில் அது ஃபேன், "சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாம்பு. தொடாதே" என்று சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, ஷார்ஜாவில் வேலை கிடைத்து டிக்கெட்டும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யார் எதைச் சொல்லிமுடித்துவிட்டுப் போனார்கள்? அதற்குப் பிறகு மெட்ராஸிலிருந்து ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுப்போனார். சட்டப்படி அவர் இல்லாமல் ஒரு திருகாணியைத் தொடக் கூடாது. சட்டப்படி பார்த்தால் என் மெஸ்ஸுக்கே லைசென்ஸ் கிடையாது.

புரட்டாசி மாதம் விமானத்தின் ஸ்டார்ட்டர் செத்தது. சாவியைத் திருகினால் கர்ரென்று பல்லைக் கடிக்கும், அப்புறம் வெறும் டிக்டிக். கிருஷ்ணப்பா மெட்ராஸிலிருந்து புதுசு வரவழைத்தார். ஆயுத பூஜைக்கு ஊர்ப் பெரிய மனுஷர்களையெல்லாம் ஷெட்டுக்கு அழைத்துவிட்டிருந்தார். ஓடாத விமானத்துக்கா மாலை போடுவது?

பாலையா அன்று மத்தியானம் மெஸ்ஸுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான். கல்பனா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி வாய வுட்டே சொல்லிட்டாரும்மே. பூசைக்குள்ள ஸ்டார்ட்டர மாத்தி ஓட்டிக் காமிச்சிட்டா பர்மினெண்டு. இனிமே நீ எதுக்குப் போவணும்?"

"மொதல்ல துன்னு. சோறு ஆறிப்பூடுது."

"பதிலச் சொல்லு."

"பர்மினெண்டு ஆனா நல்லதுதான. ஆவட்டும்."

"அப்ப போவல. அவ்ளோதான?"

"நான் எப்ப அப்பிடி சொன்னேன்? உனுக்கு பர்மினெண்டு ஆனா அது உன் வேலை. நான் போறது என் வேலை. ரெண்டே வருசம். எங்க சின்னக்கா குவைத்துக்கு பூட்டு வரல? பிச்சாட்டூர்ல மாடி வெச்சி ஊடு கட்டிக்கினு குந்தினுகீது."

"பாப்பாவ யாரு பாக்கறது?"

"உங்கம்மா பாக்கறேன்னிச்சி. ஞானக்கா கீறாங்க."

"அங்க போற பொம்பளைங்கள அடிச்சி வேல வாங்கறாங்களாம். ராயச்சோட்டி ஆளு ஒருத்தன் சொன்னான்."

"அவன் பொண்டாட்டி அங்கதான கீறா? அவ அனுப்பறத துன்னுக்கினுதான பேசறான்?"

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினை. பாலையா இலையை மூடினான். "நீ எப்பிடி போறேன்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மெஸ் முழுக்கக் கேட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் வருகிற வார்த்தைதான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை இதைவிடப் பெரிய வார்த்தையெல்லாம் நானும் அவரைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நாலு பேர் காதில் விழுந்த வார்த்தை, அதை எந்த ஆற்றில் போய்க் கரைப்பது?

ஷெட்டுக்குக் கேரியர் எடுத்துப்போனது நான்தான். அந்த வாரம் காற்றே இல்லை. திருமலைப் பக்கம் மேகம் கட்டிக்கட்டி நிற்கும், ஒரு சொட்டு விழாது. தகரத்துக்கு அடியில் நின்றால் நெஞ்சை அடைக்கும். பாலையா பனியனோடு என்ஜின் மூடியைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருப்பான். முதல் வேலையாகப் பேட்டரி ஒயரைக் கழற்றி அதன் நுனியில் துணி சுற்றியிருந்தான். அவன் எதையும் பதறிச் செய்கிறவன் இல்லை.

"அக்கா, ஃபேன் பக்கமா வராதீங்க. அந்தாண்ட சுத்திக்கினு வாங்க" என்பான் ஒவ்வொரு தடவையும்.

"சாவிதான் இல்லையேடா."

"இல்லாட்டியும் வராதீங்க. பழைய சார் சொல்லிக்கிறாரு."

ஸ்டார்ட்டர் என்ஜினுக்குப் பின்பக்கம், விமானத்தின் தகட்டுச் சுவருக்கும் அதற்கும் நடுவே இடுக்கில் உட்கார்ந்திருந்தது. தடித்த கேபிளைக் கழற்றினான். வெளியே தெரிந்த நட்டுகள் வந்துவிட்டன. உள்ளே ஒன்று மட்டும் கண்ணுக்கே தெரியாத இடத்தில். விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பேனர் ஒரு சின்னத் திருகு திருகும், அப்புறம் எடுத்து மாற்றிப் போட வேண்டும். முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். பக்கத்தில் மேக்னெட்டோ என்று இரண்டு டப்பா, பொறி கொடுக்கிற சாமான். ஒன்றிலிருந்து வருகிற ஒயர் கையை மறித்தது. அதைக் கழற்றி ஒதுக்கிவிட்டுத்தான் அந்த நட்டை எடுத்தான்.

"லாரியா இருந்தா இன்னேரம் மாட்டிட்டு டீ குடிச்சிருப்பேங்க்கா. இது மூக்க சுத்தி வாய தொடற வேலையாகீது."

"சோறு துன்னுட்டுப் பண்ணுடா."

"அவ இன்னா சொன்னா?"

"என்ன சொல்வா? வெங்காயம் உரிச்சா."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அவ இல்லாம ஊட்ல இருட்டாயிடுங்க்கா. எனக்கு அத அவகிட்ட சொல்லத் தெரியல. சொல்ல வந்தா சண்டையாயிடுது" என்றான். கேரியரைத் திறந்து குழம்பை ஊற்றிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

புது ஸ்டார்ட்டரை மாட்டி, ஒதுக்கிய ஒயரைத் திரும்பப் பூட்டி, பூஜைக்கு முந்தின நாள் வேலையை முடித்தான். பெங்களூரிலிருந்து வந்த பைலட் ஏறிச் சாவியைத் திருகினார். ஒரே திருகு, என்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குள் கிடந்த தூசியெல்லாம் பறந்தது. கிருஷ்ணப்பா எல்லோர் முன்னாலும் பாலையாவைத் தோளில் தட்டி, "ஒண்ணாந்தேதிலேர்ந்து பர்மினெண்ட்டு, போ" என்றாராம்.

அவன் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தான். கல்பனா ஒரு துண்டைப் பிட்டுக் குழந்தை வாயில் வைத்தாள், ஒன்றைத் தான் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் சந்தோஷம்தான், முகத்திலேயே தெரிந்தது.

"ஏஜெண்டு வந்தான். தீவாளி கழிச்சி பிளேனு" என்றாள், தின்றுகொண்டே.

அவன் அவளையே பார்த்தான். கத்துவான் என்று நான் நினைத்தேன். கத்தவில்லை. "செரி, நாளிக்கி பூசைக்கி பச்சைப் புடவ கட்டிக்கினு வா" என்று மட்டும் சொன்னான். அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்து லாரி ஷெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி ரிப்பேராகி எழுந்திருக்கிறதோ, அதை ரிப்பேர் பார்த்தவன் வீட்டுப் பெண்பிள்ளைதான் பூஜையன்று முதல் பொட்டு வைக்க வேண்டும். முதலாளி பெண்டாட்டியானாலும் அப்புறந்தான். அவள் கை பட்டால் வண்டி வழியில் நிற்காது என்பார்கள். கிருஷ்ணப்பா லாரி வைத்துப் பிழைத்து மேலே வந்தவர், விமானத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார். நான் சர்ச்சுக்குப் போகிறவள், பூஜையில் எனக்கு வேலை கிடையாது. வந்தவர்களுக்குச் சாப்பாடு சொல்லியிருந்ததால் அண்டாவோடு போனேன்.

அன்றும் மழை வரவில்லை. இறக்கைகளில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பைலட் காலையிலேயே என்ஜினை ஒரு தடவை ஓட்டிப்பார்த்து நிறுத்திவிட்டு, சாவியை முதலாளியிடம் கொடுத்துத் திருச்சானூருக்குத் தரிசனத்துக்குப் போய்விட்டார். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. முன்னால் நின்றபோது என் முகத்தில் அடித்தது.

பாலையா என்ஜின் பக்கவாட்டு மூடிக்குள் கையைவிட்டு என்னவோ செய்துவிட்டு என்னிடம் வந்தான். புதுச்சட்டை போட்டிருந்தான்.

"அக்கா, கல்பனா ஃபேன் மேல கைய வெக்கப் போறா. எனக்கு திக்குதிக்குன்னுகீது. சாவி மொதலாளி ஜோபில கீது. பேட்டரிய கழட்டிட்டேன். அதுவும் பத்தாதுன்னு மேக்னெட்டோ ஒயரு ரெண்டையும் புடுங்கி வெச்சிட்டேன். இனிமே எவன் வந்தாலும் இத ஓட்ட முடியாது."

"நல்லதாப் போச்சுப்பா" என்றேன்.

லாரியிலும் டிராக்டரிலும் தண்ணி மோட்டாரிலும் ஒயரைப் பிடுங்கினால் கரண்டு இல்லை, சாமான் செத்தது. அவனுக்குப் பழகின வேலையெல்லாம் அப்படித்தான். இந்த என்ஜின் அப்படி இல்லையாம். ஃபேன் சுற்றினால் மேக்னெட்டோ தானே பொறியை உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரி வேண்டாம், சாவி வேண்டாம். அந்த ஒயர் கரண்டு கொடுக்கிற ஒயரே இல்லை, பொறியை அடக்கிவைக்கிற கடிவாளம். சாவியை அணைத்தால் அந்த ஒயர் வழியாகத்தான் அடங்குமாம். அதைக் கழற்றிவிட்டால் அடக்க ஒன்றும் இல்லை. பிறகு சனிக்கிழமை வந்த என்ஜினீயர் இதைச் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. அன்று காலையில் அந்த ஷெட்டில் நின்ற யாருக்கும் தெரியாது. பெண்டாட்டிக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று பாலையா செய்த காரியம் அது.

கல்பனா பச்சைப் புடவை கட்டி, குளித்த தலையை முடிந்து, தட்டோடு வந்தாள். விமானத்தின் மூக்கு நடுவில் சந்தனம் அப்பினாள், குங்குமம் வைத்தாள். ஃபேனின் ஒரு ரெக்கை கீழே இருந்தது, அதற்குக் குனிந்து மூன்று பொட்டு வைத்தாள். இன்னொரு ரெக்கை மேலே நிமிர்ந்து நின்றது. எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை.

"மேல் ரெக்க மிச்சம் கீதே. திப்பம்மா, கொஞ்சம் திப்பு" என்றார் கிருஷ்ணப்பா. திருப்பச் சொன்னால் அவருக்குத் தெலுங்குதான் வரும்.

அவள் பாலையாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது, நான் பார்த்தேன். எத்தனை நாள் அவன் வாயால் பாம்பு பாம்பு என்று கேட்டிருப்பாள்.

"திருப்பும்மே. ஒண்ணும் ஆவாது. ஒயர புடுங்கிட்டேன்" என்றான் அவன்.

தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கீழ் ரெக்கையைப் பிடித்துத் தள்ளினாள். முதலில் அசையவில்லை. அழுத்தித் தள்ளினாள். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு என்ஜின் ஒரு வெடி வெடித்தது. ஃபேன் இரண்டு மூன்று சுற்று சுற்றி நின்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

தட்டு எங்கேயோ போய் விழுந்தது. கல்பனா உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குங்குமம் எது, ரத்தம் எது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. பாலையா ஓடிவந்து தன் புதுச்சட்டையைக் கிழித்து அவள் கையைச் சுற்றினான். "ஒயர புடுங்கினேனே, ஒயர புடுங்கினேனே" என்று திரும்பத்திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவளை மாரோடு அணைத்துக்கொண்டு முதலாளி காரில் ஏறினேன். திருப்பதி ஆஸ்பத்திரி போகிறவரை அவள் பேசினது ஒன்றுதான்.

"பாப்பாவ சாப்பிட வெச்சிடுங்க்கா."

வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மெட்ராஸ் என்ஜினீயர் வந்தார். மூடியைத் திறந்து, தொங்கிய ஒயர்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். ஷெட்டில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி விளக்கினார். பாலையா நின்ற இடத்திலேயே வாந்தியெடுத்தான். பிறகு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனானாம், பஸ் ஏறத் தோன்றாமல்.

ஒரு வாரத்தில் பேச்சு மாறியது. என் மெஸ்ஸில்தான் தொடங்கியது, வேறெங்கே தொடங்கும்? ஒருத்தன் மோர் ஊற்றிக்கொண்டே, "எப்பிடி போறேன்னு பாக்கறேன்னான். பாத்துட்டான்" என்றான். இன்னொருத்தன், "எலக்ட்ரீசனுக்கா ஒயரு தெரியாது?" என்றான். நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போய், "எச்சில் இலையோட எழுந்து போங்கடா" என்றேன். போனார்கள். பேச்சு போகவில்லை. வீதியில், தண்ணிக் குழாயில், சர்ச் வாசலில்கூட என்னை நிறுத்திக் கேட்டார்கள்.

கிருஷ்ணப்பா ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். விஷயம் வெளியே போகக் கூடாதென்று பயம். சொன்னபடியே ஒண்ணாந்தேதியிலிருந்து பாலையாவை பர்மினெண்ட் ஆக்கினார். ஏஜெண்ட் ஒருநாள் வந்தான், அவள் கையைப் பார்த்தான், டீ குடித்தான், போனான். அவள் இடத்தில் ஏர்ப்பேடுக்காரி ஒருத்தி தீபாவளி கழித்து விமானம் ஏறினாள்.

கல்பனா வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மறுபடி என் அடுப்படிக்கு வந்தாள். இடது கையால் கீரை ஆய்ந்தாள். மத்தியானம் பாலையா ஷெட்டிலிருந்து வந்து அவளுக்குப் பிசைந்து ஊட்டிவிட்டுப் போவான். அவள் இடது கையாலேயே தின்னப் பழகிக்கொண்டாள், இருந்தாலும் அவன் விடவில்லை. ஒருநாள் இரண்டு வாய் வாங்கிய பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. தெரிஞ்சி புடுங்கினியா?"

அவன் கை நடுவிலேயே நின்றது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கே போவது, சின்ன இடம்.

"பாப்பா மேல சத்தியமா தெரியாதும்மே."

அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"செரி. ஊட்டு" என்றாள்.

அவன் ஊட்டி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு போன பிறகு நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். என் காதால் கேட்டவள் நான். எத்தனையோ தடவை அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். அன்றும் சொன்னேன். கீரையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

"நம்பறியாடி?" என்றேன்.

"போறதுக்கு வேற எடம் இருந்தா நம்பாம இருந்து பாக்கலாங்க்கா. இனிமே நம்பித்தான ஆவணும்."